ஜே.சி.ஐ. சான்றா, என்.ஏ.பி.எச். சான்றா?

பெரிய மருத்துவமனை வாசலில் இந்த இரண்டு தரச் சான்றுகளில் ஒன்றின் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். ஜே.சி.ஐ. (ஜாயின்ட் கமிஷன் இன்டர்நேஷனல்) அமெரிக்காவிலிருந்து வருவது, இந்தியாவில் அதை முதலில் வாங்கியது டெல்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ, 2005-இல். அதன் ஆறு பாதுகாப்பு இலக்குகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன: நோயாளி யார் என்பதை இரண்டு அடையாளங்களால் உறுதி செய்ய வேண்டும், படுக்கை எண் செல்லாது (படுக்கை மாறினால் மருந்தும் ஆள் மாறிவிடுமே!), போனில் சொன்ன மருந்தை எழுதித் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், அறுவை சிகிச்சைக்கு முன்பே உடலில் இடத்தைக் குறிக்க வேண்டும், இப்படி. என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச்சான்று வாரியம்) நம்முடையது, இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் வருவது. செலவு குறைவு, சிறிய மருத்துவமனைகளுக்கு நுழைவு நிலைச் சான்றும் (அடிப்படைத் தரத்துக்கான முதல் படி) உண்டு. சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வெளிநாட்டு நோயாளிகள் நிறைய வரும் இடத்துக்கு ஜே.சி.ஐ.; முப்பது படுக்கை மருத்துவமனைக்கு என்.ஏ.பி.எச். போதும், ஆனால் அதையாவது கட்டாயம் வாங்க வேண்டும்.