பரணிலிருந்து ஏற்காட்டுக்கு: எந்த விளையாட்டுச் சாமானைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

சேலத்து வீடுகளின் பரணில் கிடக்கும் விளையாட்டுச் சாமான்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் யாரும் தொடாமல் விட்ட கேரம் போர்டு, பிறந்தநாளுக்கு வந்து இரண்டு தடவை மட்டும் திறக்கப்பட்ட போர்டு கேம், சின்னஞ்சிறு பொம்மைகளுக்குச் சாயம் பூசும், வேலை கிடைத்ததும் நின்றுபோன மினியேச்சர் பெயின்டிங்கின் சாய பாட்டில்கள் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இருக்கும். இவற்றைத் திரட்டி, ஏற்காடு மலையூர்களில் பள்ளியையோ நூலகத்தையோ ஒட்டி நடக்கும் சிறுவர் விளையாட்டு மன்றங்களுக்கு அனுப்புகிறவர்களுக்காகவே இந்த மதிப்பீடு. கடையில் புதிதாக வாங்குகிறவருக்கான மதிப்பெண் அல்ல இது. பழைய பொருள் தானமாக மலையேறினால் பிள்ளைகள் கையில் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு ஐந்துக்கு இத்தனை என்று போட்டிருக்கிறோம்.

எல்லாச் சாமானுக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். சரிபார்க்கும் வேலை முழுவதும் சேலத்திலேயே முடிந்துவிட வேண்டும். ஊருக்குள் ஒரு சிப்பாய் தொலைந்தால் சாயங்காலம் கடைவீதிக்குப் போய் வாங்கிவிடலாம். மேலே தொலைந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளும் 30 கிலோமீட்டரும் இறங்கி வர வேண்டும், யாரும் வரப் போவதில்லை. குறைபட்ட செட் அப்படியே அலமாரியில் உட்கார்ந்து, நல்ல செட்டுக்கான இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

சுருட்டி வைக்கும் வினைல் செஸ் செட்: 5/5. தானமாகப் போவதில் இதற்கு நிகரில்லை. எடை குறைவு, ஈரம் ஒன்றும் செய்யாது, அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். 20 அங்குலப் போர்டு என்றால் கட்டம் 5.7 செ.மீ. வரும். போட்டிகளுக்குச் சொல்லப்படும் ராஜாவின் உயரமான 9.5 செ.மீ.க்கு அது பொருந்தும். இதில் பழகிய பிள்ளை கீழே சேலத்தில் நடக்கும் போட்டிக்கு வந்தால், காய் புதிதாக இருக்கிறதே என்று தடுமாறாது.

வரும் செட்களில் பாதியாவது குறைபட்டுத்தான் வரும், பெரும்பாலும் தொலைந்திருப்பது சிப்பாய். மூன்று குறை செட்களிலிருந்து இரண்டு நிறை செட் தேற்றலாம். ஆனால் ராஜாவின் உயரமும் சிப்பாயின் அடி விட்டமும் ஒத்துப்போகிற செட்களை மட்டும் கலக்க வேண்டும். வெள்ளையில் கவனம் தேவை. தந்த நிறமும் பால் வெள்ளையும் குழல்விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரியும், பகல் வெளிச்சத்தில்தான் வித்தியாசம் பிடிபடும். கலந்து மிஞ்சிய காய்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு மன்றத்துக்கும் நாலு சிப்பாய், நிறத்துக்கொரு குதிரை, நிறத்துக்கொரு ராணி என உதிரிப் பை ஒன்று சேர்த்து அனுப்பலாம். சிப்பாய் ராணியாகும்போது யானையைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் அந்த உபரி ராணியால் ஒழியும். போட்டியில் கவிழ்த்த யானை யானையாகவே கணக்காகும்.

சுருண்டே கிடந்த வினைல் விரியாமல் அடம் பிடித்தால், சேலத்து வெயிலில் பத்து நிமிடம் வைத்து எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் படிந்துவிடும். அனுப்பும்போது அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள், விரித்தால் மூலை தூக்காது.

காந்த செஸ், கண்ணாடி செஸ் இரண்டும் 1/5. காந்தச் செட்டில் காய் பொடிசு, ஒரு வாரத்தில் தொலையும். கண்ணாடியில் எது எந்தப் பக்கத்துக் காய் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

செஸ் கடிகாரம் (ஆடும் இருவருக்கும் தனித்தனியாக நேரம் காட்டுவது): 4/5. பேட்டரியைக் கழற்றிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். வருஷக்கணக்கில் உள்ளேயே விடப்பட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும். வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலர்த்தி, புது பேட்டரி போட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்க முள்ளும் சரியாக ஓடுகிற பழைய சாவிக் கடிகாரம் கிடைத்தால் விடாதீர்கள், பேட்டரி வாங்கும் செலவே இல்லை.

அடுத்தது கேரம். பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கொடுப்பவரிடம் அதிகம் கிடப்பதும் இதுதான், வழியில் கெடுவதும் இதுதான். அதனால் ஒரே மதிப்பெண் போட முடியவில்லை. கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் 4/5, தேறாவிட்டால் பூஜ்யம்.

ஆடும் பரப்பு சுமார் 74 செ.மீ. சதுரம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். அதைவிடச் சிறிய குழந்தைப் போர்டில் நாலு பேர் உட்கார முடியாது. பிறகு நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பரப்பின் மேல் மூலைக்கு மூலை வைத்து, எதிர்ப்பக்கம் டார்ச் அடிக்க வேண்டும். நடுவில் 2 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது, காய் எல்லாம் நடுவை நோக்கியே நகரும். ஓரச் சட்டத்தைச் சோதிக்க ஆட்ட விதியே ஒரு வழி சொல்கிறது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் சுண்டினால் மூன்றரை முறை போய்வர வேண்டும். இரண்டோடு நின்றால் சட்டத்தின் மூலை இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது மேற்பூச்சு போய்விட்டது. இணைப்பை ஃபெவிகால் வைத்து, கயிறு கட்டி இறுக்கி, ஒரு நாள் விட்டால் சரியாகும். பூச்சு போனதை வீட்டில் சரி செய்ய முடியாது.

கடைசியாகப் போர்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளுத்துவிட்டது. அதை மேலே அனுப்பினால் மன்றத்தின் பெஞ்சுக்கும் அலமாரிக்கும் பூச்சியைச் சேர்த்து அனுப்பியதாகிவிடும். பரணில் கிடந்த போர்டில் கரையான் மண் தடமும் இருக்கும், சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பார்க்க வேண்டும்.

நல்ல போர்டு கூட ஏற்காட்டில் ஏன் ஒரே மழைக்காலத்தில் குழிகிறது? மேற்பரப்புக்கு லேக்கர் பூச்சு உண்டு, அடிப்பக்கம் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கும். சேலத்து வெயிலில் காய்ந்து சுருங்கிய பலகை, 1,500 மீட்டர் உயரத்து மூடுபனிக்குப் போனதும் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்து விரிகிறது, நடு கீழே இறங்குகிறது. இதற்கு வழி சுலபம். அனுப்புவதற்கு முன் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால், ஈரம் ஏறும் வேகம் நன்றாகக் குறையும். ஒரு கால் லிட்டர் டப்பாவுக்குள் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் நல்ல போர்டுகளை அனுப்புவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மேலே போனபின் சிமென்ட் தரையில் சாய்த்து வைக்கவும் கூடாது. இரண்டு மரத்துண்டின் மேல் நேராக நிறுத்த வேண்டும், வெளிச்சுவரில் படக் கூடாது.

காய் 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு. எண்ணிக்கையோடு கனத்தையும் பார்க்க வேண்டும். காயின் கனம் 7 முதல் 9 மி.மீ. வரை இருக்கலாம் என்பதால் இரண்டு செட் கலந்தால் ஆட்டம் கோணலாகும். ஒன்பது காயை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் இன்னொரு ஒன்பதை அடுக்கினால் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கிழிந்த வலைப் பாக்கெட்டை மீன்பிடி நைலான் நூலால் முடிந்துவிடலாம்.

பவுடர் விஷயம் முக்கியம். கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் அமிலப் பொடி, வயிற்றுக்குள் போகக் கூடாதது. பெயர் எழுதாத டப்பாவிலோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ போட்டு அனுப்பவே வேண்டாம். இறுக மூடும் ஜாடியில், தமிழில் ‘உண்ணக் கூடாது, ஆடியதும் கை கழுவவும்’ என்று எழுதி ஒட்டி, பெரியவர் பொறுப்பில் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு அரைத் தேக்கரண்டி போதும். முகப் பவுடரைப் போட்டால் அது ஈரக் காற்றில் கட்டிதட்டி, காய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பெட்டியில் வரும் போர்டு கேம்களுக்கு 3/5 வரைதான் தர முடிகிறது. தொலைந்த காய் அல்ல இங்கே முதல் சிக்கல், மொழி. அட்டைக்கு அட்டை ஆங்கில வாக்கியம் படிக்க வேண்டிய ஆட்டம் மலையூர் மன்றத்தில் நடக்காது. படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை மற்ற எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லியே களைத்துப் போகும். எண், நிறம், படம் மட்டும் உள்ளவை நன்றாக ஓடுகின்றன. ஊனோ அட்டை, டாமினோ, 54 கட்டை அடுக்கும் ஜெங்கா, லூடோ எல்லாம் அந்த வகை. பழைய ஊனோ கட்டில் 108 அட்டை இருக்க வேண்டும், புதிய கட்டுகளில் 112. எந்தக் கட்டு என்பதைப் பெட்டி மேல் பார்த்துவிட்டு எண்ணுங்கள். ஜெங்காவில் ஒரு கட்டை குறைந்தால் ஆட்டம் கெடாது, அட்டையில் ஒன்று குறைந்தால் ஆடுகிறவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்து அதை வைத்தே ஏமாற்றத் தொடங்குவார்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தமிழில் ஒரு பக்க விதித்தாள் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுவது அவசியம். எத்தனை பேர், எப்படிப் பங்கிடுவது, ஒரு முறை வந்தால் என்னென்ன செய்யலாம், எப்போது முடியும் என்பது மட்டும் இருந்தால் போதும். அந்த ஆட்டத்தை அறியாத இரண்டு பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஆடத் தொடங்கவில்லை என்றால் தாளைத் திருத்தி எழுத வேண்டும், பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. விதித்தாளின் கீழேயே காய்களின் எண்ணிக்கையையும் எழுதிவிட்டால், மன்றத்தில் ஆடி முடித்துக் கட்டும்போது பிள்ளைகளே எண்ணி வைப்பார்கள். பழைய பெட்டிகளில் ராமபாணப் பூச்சி இருக்கும். மூலைகளைத் தட்டி உதறி, ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்து, காய்களை ஜிப் பைக்கு மாற்றிய பிறகே கட்ட வேண்டும்.

பித்தளைப் பல்லாங்குழி வந்தால் அப்படியே அனுப்பலாம், 14 குழிக்கும் புளியங்கொட்டை மேலேயே கிடைக்கும். ஆடு புலி ஆட்டத்துக்குப் பலகை தேடி அலைய வேண்டாம். சாக்கட்டியும் 3 பெரிய கல்லும் 15 சின்னக் கல்லும் போதும்.

மினியேச்சர், துண்டுகளை ஒட்டி உருவாக்கும் மாடல் கிட், சாயங்கள்: 2/5, அதுவும் மன்றத்தில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தால் தின்னர் வாசனை அடிப்பது எனாமல், அதை ஒதுக்கிவிட வேண்டும். அக்ரிலிக் பாட்டிலை ஒரு நிமிடம் குலுக்கி, பல்குச்சியால் கிளறிப் பார்க்கலாம். மேலே ஆடை மட்டும் படிந்திருந்தால் அதை எடுத்துவிட்டு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டால் பிழைக்கும். ரப்பர் துண்டாக உருண்டால் செத்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் கொட்டிவிடுங்கள். சொட்டு மூக்கு வைத்த பாட்டில், திருகு மூடியுள்ள டப்பாவைவிட நெடுநாள் தாங்கும். அடைத்திருந்தால் குண்டூசியால் குத்தி விடலாம். பழைய உலோக மினியேச்சர்களில் ஈயம் கலந்தவை உண்டு, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் வருகிற மன்றத்துக்கு அவை போகவே கூடாது.

ஸ்ப்ரே பிரைமர் (சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), சூப்பர் குளூ, பிளாஸ்டிக் சிமென்ட் (மாடல் ஒட்டும் பசை), பிளேடு கத்தி இவை நாலும் வேண்டாம். ஸ்ப்ரே டப்பா தீப்பிடிக்கும் பொருள், தபாலில் ஏற்கமாட்டார்கள். பனி ஈரத்தில் அடித்தால் மேலே வெண்படலம் பூத்து மினியேச்சரும் பாழாகும். பழைய வீடியோ கேம் கன்சோலுக்கும் இடமில்லை. டிவி, மின்சாரம், இரண்டாவது கன்ட்ரோலர் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு அனுப்புவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். இருபது பிள்ளை வரும் மன்றத்துக்கு ஆறு செஸ் செட், ஒரு கேரம், இரண்டு பேர் ஆடும் ஆட்டம் இரண்டு போதும். செஸ்ஸில் 12, கேரத்தில் 4, மற்றவற்றில் 4 என எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். அதற்கு மேல் கேட்டால் மட்டும். எதைக் கட்டுவதற்கு முன்பும் மன்றப் பொறுப்பாளரிடம் போனில் பட்டியலைப் படித்துக் காட்டுங்கள். ஈரம் படாத அலமாரி இருக்கிறதா, மேஜை எத்தனை, வருகிறவர்களின் வயது என்ன என்று கேட்டபின் பட்டியல் தானாகவே பாதியாகும். பொருளாகக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. கொடுப்பவர்களிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் ரசீது கேட்டு மனவருத்தம் வராது.

அனுப்பும் காலம் தை முதல் மாசி வரை சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரியும், அட்டைப் பெட்டி ஊறும். மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டு ரோட்டில் நெரிசல் தாங்காது. செஸ், அட்டை ஆட்டமெல்லாம் பஸ்ஸிலேயே கையோடு போய்விடும். ஓரச் சட்டத்தோடு 88 செ.மீ. வரும் கேரம் போர்டு பஸ் ரேக்கில் நுழையாது, பத்துக் கிலோவை ஒட்டிய எடை வேறு. மிளகும் காப்பியும் இறக்க வரும் பிக்கப் வண்டி திரும்பும்போது காலியாகப் போவது உண்டு. மன்றத்துக்காரர்களுக்கு அந்த ஓட்டுநர்களைத் தெரிந்திருக்கும், அவர்கள் மூலமாகவே பேசுவது நல்லது. போர்டை டிரைவர் கேபினுக்குப் பின்னால் நிமிர்த்தி, நாலு மூலையிலும் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, கயிறு சட்டத்தை மட்டும் பிடிக்கும்படி கட்ட வேண்டும். படுக்கப் போட்டால் அதன் மேல் யாராவது மூட்டை ஏற்றுவார்கள், எட்டாவது வளைவு வருவதற்குள் பலகையில் கீறல் விழுந்துவிடும். இரண்டு போர்டு போனால் ஆடும் பரப்புகள் எதிரெதிராக, நடுவே ஒரு பழைய போர்வை. காயும் ஸ்ட்ரைக்கரும் போர்டோடு சேர்க்காமல் தனிப்பையில், மன்றத்தின் பெயர் எழுதி, டிரைவர் கையில்.