டி.எஃப்.டி.பி. சர்வர் உள்ள ரூட்டரில் அரை மாதச் சம்பளம் போயிற்று: வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்

பணம் திரும்பாது என்ற இறுதிப் பதில் நேற்று வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். பழைய நெட்வொர்க் சாதனங்களைப் புதுப்பித்து விற்கும் ஓர் இணையக் கடையில், டி.எஃப்.டி.பி. (நெட்வொர்க்கில் கோப்புகளை அனுப்பிப் பெறுவதற்கான எளிய நெறிமுறை) சர்வர் உள்ளமைந்த ரூட்டர் ஒன்றை அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். நெட்வொர்க் சுவிட்சுகளின் அமைப்புக் கோப்புகளை அதில் சேமிப்பதும், அவற்றை இயக்கும் உள்மென்பொருளான ஃபார்ம்வேரை அதிலிருந்தே ஏற்றுவதும் என் நோக்கம்.

வாங்கும் முன் இரண்டே கேள்விகள் கேட்டேன்: 40 எம்.பி. கோப்பு போகுமா, கடவுச்சொல் பாதுகாப்பு உண்டா? "எந்த அளவும் போகும் சார்" என்ற பதிலோடு, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தின் படமும் ஐந்தே நிமிடத்தில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். அது ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல், கோப்புச் சர்வருக்கானது அன்று என்பது எனக்கு உறைக்கவில்லை. டி.எஃப்.டி.பி.யை வரையறுக்கும் ஆவணமான, 1992-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1350-ஐ ஒருமுறை புரட்டியிருந்தால், இந்த நெறிமுறையில் பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் இடமே இல்லை என்று தெரிந்திருக்கும். கோப்பின் பெயர் தெரிந்த எவரும், அந்த நெட்வொர்க்கில் இருந்தால் போதும், அந்தச் சர்வருக்கான வாயிலான யு.டி.பி. 69-ஆம் போர்ட்டில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். கோப்புக்குள் இருக்கும் சுவிட்சுகளின் கடவுச்சொற்களும் சேர்ந்தே போகும்.

ஃபார்ம்வேரோ ஒவ்வொரு முறையும் 32 எம்.பி. அருகில் நின்றது. கோப்பு 512 பைட் துண்டுகளாகப் போகிறது, துண்டின் வரிசை எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 65,535-ஐத் தாண்டினால், அதாவது சுமார் 32 எம்.பி.யில், எண் தீர்ந்துவிடும். எண்ணை மறுபடி தொடங்கும் சர்வர்கள் உண்டு, துண்டைப் பெரிதாக்கிக்கொள்ள 1998-இன் ஆர்.எஃப்.சி. 2348 வழி செய்கிறது. இந்தப் பெட்டிக்கு இரண்டும் தெரியாது.

புகார் சொன்னபோது கடைக்காரர்கள் முதலில் ஃபயர்வாலை அணைக்கச் சொன்னார்கள், பிறகு கேபிளை மாற்றச் சொன்னார்கள், அடுத்து என் கணினியில்தான் கோளாறு என்றார்கள். மேற்சொன்ன கணக்கை எழுதி அனுப்பியபோது, "விளம்பரத்திலேயே எளிய சர்வர் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்ற பதில் வந்தது. அதற்குள் திருப்பியனுப்பும் கெடு முடிந்திருந்தது. இழுத்தடித்ததே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அரை மாதச் சம்பளம்!

வாங்குவோருக்கான ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. பெட்டி வந்த அன்றே 32 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை அனுப்பிப் பாருங்கள். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் கோப்பு வருகிறதா என்று சோதியுங்கள். கடைக்காரரின் உறுதிமொழிகளை உடனே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த "எந்த அளவும் போகும் சார்" இப்போது அந்த உரையாடலில் இல்லை.