பாதரச மண்: லாரியில் ஏற்றுவதா, அங்கேயே கழுவுவதா?

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணையே எடுத்துக்கொள்வோம். சுத்தம் செய்தபின் மிஞ்சலாம் என்ற இலக்கு, கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம். அது போதாது என்ற சர்ச்சை தனி. வழிகள் இரண்டு: தோண்டிக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்கில் புதைப்பது; அல்லது அங்கேயே மண்ணைக் கழுவி, பாதரசம் ஒட்டிய நுண்மண்ணை மட்டும் வெற்றிட உலையில் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. கொடைக்கானலில் தேர்வானது இரண்டாவது. நம் ஓட்டும் அதற்கே.

டீசலை மட்டும் பார்த்தால் லாரி மோசமில்லை. போக வர 1,100 கி.மீ., 10 டன் சுமை, லிட்டருக்கு 4 கி.மீ. என்று வைத்தால் டன்னுக்கு 27 லிட்டர் சொச்சம். 15% ஈரமுள்ள மண்ணைக் கழுவாமல் 400 டிகிரிக்கு ஏற்றினால், உலைத் திறன் 50% என்ற கணக்கில், சுமார் 40 லிட்டர். அதில் பாதிக்கு மேல் தண்ணீரை விரட்டவே செலவாகும். கழுவி, 25% நுண்மண்ணை 35% ஈரத்தோடு உலையில் இட்டால் 24 லிட்டர். வெயிலில் உலர்த்தலாமே என்றால், பாதரசமும் சேர்ந்து காற்றில் ஏறும்; தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் அழுத்த வடிகட்டிதான் வழி. நுண்மண் 40% ஆனால் 38 லிட்டர். கழுவிய லாபம் போச்சு. ஆகவே முதலில் பல குழிகளிலிருந்து மண் எடுத்து 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்மண் எவ்வளவு என்று பாருங்கள்.

முடிவைத் திருப்புவது கணக்கை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான். கிடங்கின் வாசலோடு நிறுத்தினால் லாரியும் கிட்டத்தட்டச் சமமாக வரும். பாதரசமோ தனிமம், புதைத்தாலும் அழியாது. கிடங்கை மூடிய பிறகும் 30 ஆண்டு கசிவுநீர்க் கண்காணிப்பு உண்டு. லாரி வழியில், தோண்டிய பள்ளத்தை நிரப்ப வேறொரு சரிவை வெட்டி மண் கொண்டுவர வேண்டும். கழுவிய மண்ணோ அதே பள்ளத்துக்குத் திரும்பும். உலையில் பிடித்த பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து நிலைப்படுத்தும் செலவைக் கழுவும் வழியின் பக்கம் மறக்காமல் எழுதுங்கள்.

நச்சு மதிப்பெண்ணை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். ரசாயனங்களின் நச்சுத்தன்மைக்கு மதிப்பெண் போடும் யூஸ்டாக்ஸ் (USEtox) என்ற கணக்கு முறையே உலோகங்களுக்கான எண்களைத் தற்காலிகம் என்றுதான் குறிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் அந்தத் தற்காலிகம் மறைந்துவிடும்.

செறிவான கழிவுக்கு இந்த வாதம் பொருந்தாது. 2003இல் அந்த ஆலையின் கண்ணாடிக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. டன்னுக்கு மீளும் பாதரசம் அதிகம் என்றால் தூரம் பொறுக்கும். மண் சில நூறு டன்தான் என்றால் உலையை மலையேற்றுவதே வீண், அங்கே லாரிதான்.