ஃபோமில் செய்த யாளி உடை: மூன்று வருடம், ஐந்து தடவை

முதல் தடவை போட்டுக்கொண்டு போனபோது ஒன்றரை மணி நேரத்தில் தும்பிக்கை கழன்று கையில் வந்துவிட்டது. ஐந்தாவது தடவை காலை பத்தரைக்கு மாட்டி மாலை ஆறு மணிக்குத்தான் கழற்றினேன், நடுவில் ஒரு அரை மணி நேரம் தலையை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பிரியாணி சாப்பிட்டேன். தலை அதே தலைதான், கவசமும் அதேதான். நடுவில் என்ன செய்தாய் என்று நிறையப் பேர் கேட்பதால் (பாதிப் பேர் கேட்பது "எவ்வளவு செலவாச்சு" என்றுதான், அதையும் சொல்கிறேன்) ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் பெங்களூர் அல்சூர்க்காரி. காமிக் கான் (காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் பிடித்த பாத்திரங்களின் வேஷம் போட்டுக்கொண்டு கூடுகிற விழா) இந்த ஊருக்கு 2012ல் வந்தபோது கோரமங்கலா உள்விளையாட்டு அரங்கில் நடந்தது, அப்போது போய் வேஷம் போட்டவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டதோடு சரி. அதற்கப்புறம் ரொம்ப வருடம் அப்படியே போய்க்கொண்டிருந்தேன். நாமும் போடலாம் என்று தோன்றியபோது பெரிய கேள்வி யார் வேஷம் என்பதுதான். பெயர் தெரிந்த சூப்பர்ஹீரோ என்றால் அதே மண்டபத்தில் இன்னும் இருபது பேர் அதையே போட்டிருப்பார்கள், அதில் பத்துப் பேருடையது நிச்சயம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அம்மா ஊர் வேலூர். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கிற யாளிகளைப் பார்த்து சின்ன வயதில் அழுதிருக்கிறேன். சிங்க முகம், தும்பிக்கை, பிதுங்கின கண். சரி, அதுவே ஆகட்டும் என்று உட்கார்ந்தேன்.

பொருள் ஈவிஏ ஃபோம், பல லேசான செருப்புகளின் அடிப்பாகம் இதில்தான் வருகிறது. குழந்தைகள் விளையாடத் தரையில் பல் பல்லாகக் கோத்துப் போடுகிற பாய் இருக்கிறதே, அது பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன், தலைக்கும் தோளுக்கும் அதை எடுத்துக்கொண்டேன். சின்ன வேலைகளுக்கு ஐந்து மில்லி ஷீட் வாங்கினேன். பழைய யோகா மேட்டை வெட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் முதலில் அது எதில் செய்தது என்று பாருங்கள், நிறைய மேட் பிவிசி, அதில் ஹீட் கன் (சூடான காற்றை ஊதுகிற கருவி) காட்டினால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், நெஞ்சைப் பிடிக்கும். ஈவிஏ சூட்டில் இளகும், இளகியபோது வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். மேல்பக்கம் லேசாகப் பளபளப்பு வந்தால் ஓட்டைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம், அப்புறம்தான் பெயின்ட் உள்ளே உறிஞ்சிப் போகாமல் மேலே நிற்கும்.

அளவு எடுக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. தலையைச் சுற்றி கிச்சனில் இருந்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றி (மூக்கு வாயை விட்டுவிட்டுத்தான்), அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரில் கோடு போட்டு, வெட்டி எடுத்து, தட்டையாக விரித்தால் அதுதான் பேட்டர்ன். வெட்டினது சித்தி பையன். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியையும் சேர்த்து வெட்டிவிட்டான்.

ஐந்து மாதம், சனி ஞாயிறு மட்டும். கட்டர் பிளேடைப் பத்து வெட்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது, மொக்கை பிளேடு ஃபோமைக் கடித்துக் கடித்து எடுக்கும், அதை முதல் இரண்டு பாய் வீணான பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஒட்டுவதற்குப் பசைத் துப்பாக்கி. அதுதான் பெரிய தப்பு. நவம்பர் வெயில்தானே என்று நினைத்தேன். காமிக் கான் நடந்த ஒயிட்ஃபீல்டு கேடிபிஓ கண்காட்சி அரங்கு வாசலில் வரிசையில் நாற்பது நிமிடம் வெயிலில் நின்றதில், உருக்கி ஒட்டின பசை மறுபடி இளக ஆரம்பித்தது. கருங்கல் நிறம் வேண்டும் என்று கறுப்பும் சாம்பலும் அடித்திருந்தேன், அது சூட்டை இன்னும் வாங்கியது. உள்ளே போனதும் ஒரு குழந்தை தும்பிக்கையைப் பிடித்துக் கைகுலுக்கியது. அவ்வளவுதான்.

அன்றைக்குத் தும்பிக்கை மட்டுமில்லை. என்னுடைய மூச்சிலேயே மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. தும்பிக்கையின் கனம் முன்பக்கம் இழுத்துக் கழுத்து வலி மூன்று நாள் போகவில்லை. முதுகில் கவசத்தை உள்ளே போட்டிருந்த ஆடையோடு சேர்த்தே ஒட்டியிருந்ததால் பாத்ரூம் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், யாரும் செய்யாதீர்கள், மூன்று மணிக்குத் தலை சுற்றி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் குப்பையில் போடுவதாக இருந்தேன். அப்பா நாற்பது வருடமாக ஜேசி ரோடு பக்கம் கார் சீட் கவர் தைக்கிறவர். அதுவரை இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, "பொம்மை பண்றா" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி. அன்றைக்கு ராத்திரி தலையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார்.

"ஏன் பாப்பா, இதைத் தொவைக்கணும்னா எப்பிடித் தொவைப்ப?"

"தொவைக்க முடியாதுப்பா."

"கழட்டி மாட்ட முடியலைன்னா அது கவரே இல்ல. மனுஷன் உக்கார்ற சாமான், வேர்வை படும்ல."

அந்த ஒரு கேள்விதான் இரண்டாவது வடிவம். அவர் தொழிலில் எது கிழியும், எது நாறும், எது முதலில் மாற்ற வேண்டிவரும் என்று யோசித்துத்தான் துணியையே வெட்டுவார்கள். நான் வெளியிலிருந்து படத்தில் எப்படித் தெரியும் என்று மட்டுமே யோசித்திருந்தேன்.

பசையை எல்லாம் பிய்த்துவிட்டு சொல்யூஷனில் மறுபடி ஒட்டினோம், செருப்புக்கும் சீட்டுக்கும் போடுகிறார்களே அந்த மஞ்சள் சொல்யூஷன். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்த்து அமுக்க வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. நான் ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டு இது பிடிக்கவே இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மாடியில் திறந்த இடத்தில் செய்தோம், அந்த வாசனை மூடின அறைக்குள் ஆகாது. மழை நாளில் வேண்டாம் என்றார் அப்பா, சொல்யூஷன் காயும்போது ஈரக்காற்று பட்டால் மேலே பனி மாதிரி படிந்து பிடிப்பு போய்விடுமாம். ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் எந்த நாள் மழை நாள் இல்லை என்று கேட்டேன். பதில் இல்லை.

தலைக்கு உள்ளே காடாத் துணியில் பஞ்சு வைத்துத் தனி மெத்தை, வெல்க்ரோவில் பிய்த்து எடுத்துத் துவைக்கலாம். தோள், மார்பு, முதுகு எல்லாம் தனித்தனித் துண்டு, பள்ளிக்கூடப் பையில் வருமே அந்த பிளாஸ்டிக் பக்கிளும் நைலான் பட்டையும். ஃபோமில் பட்டையை நேரே தைத்தால் ஊசி போன ஓட்டை வழியே கிழிந்துகொண்டு வரும், அதனால் உள்பக்கம் ஒரு ரெக்ஸின் துண்டு ஒட்டி அதன்மேல் தைத்தார். மூன்று வருடத்தில் அந்த இடங்களில் ஒன்றுகூட விடவில்லை. என் கையால் தைத்த இரண்டு இடம் விட்டது.

கழுத்து வலிக்கு வழி சுலபம், ஃபேனுக்கும் கண் விளக்குக்கும் வேண்டிய பேட்டரியைக் கொண்டுபோய்ப் பின்மண்டையில் வைத்தோம். முன்னால் தும்பிக்கை, பின்னால் பவர் பேங்க், தலை நேராக நின்றது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்பி ரோட்டில் வாங்கினது நாற்பது மில்லிமீட்டர் குட்டி ஃபேன் ஒன்று, கண்ணுக்கு எல்இடி. இதில் ஒரு கூத்து. முதலில் எல்இடி மட்டும் பவர் பேங்கில் கொடுத்திருந்தபோது அரை நிமிடத்தில் அணைந்துவிடும், மறுபடி அமுக்கினால் எரியும், மறுபடி அணையும். கடைக்காரர் பேங்க் கெட்டுப்போச்சு, வேறு வாங்குங்கள் என்றார். கெடவில்லை. நிறைய பவர் பேங்க் கரண்ட் ரொம்பக் குறைவாக இழுத்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானே நின்றுவிடும். ஃபேனையும் அதிலேயே கொடுத்த பிறகு அணையவே இல்லை, ஃபேன் இழுப்பது போதுமாக இருந்தது. கண்ணாடியில் மூச்சுப் படிவதும் பெரும்பாலும் நின்றது.

பார்ப்பது யாளியின் வாய் வழியாக. கறுப்புக் கொசுவலை இரண்டு அடுக்கு. உள்ளே இருட்டாக இருப்பதால் வெளியிலிருந்து முகம் தெரியாது, எனக்கு நேர் எதிரே இருப்பது தெரியும். கீழே தெரியாது. படிக்கட்டு என்றால் சித்தி பையன் கையைப் பிடித்துக்கொள்வேன். கூட ஒரு ஆள் இல்லாமல் இந்த மாதிரித் தலை போட்டுக்கொண்டு போகாதீர்கள். எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சரி.

இனி பழசானதைப் பற்றி. பெயின்டுக்கு முன்னால் வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து நாலு கோட் அடித்திருந்தேன், செலவு குறைவு என்று. அசையாத இடத்தில் நன்றாகவே இருக்கிறது. தோள் மடங்குகிற இடத்தில் இரண்டாவது தடவையிலேயே வெடித்தது. இதை நினைத்து ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன், அப்புறம் பார்த்தால், கல் நிறம் அல்லவா, வெடிப்பு எல்லாம் பழைய தூணில் விழுந்த விரிசல் மாதிரியே தெரிகிறது. சாம்பல் பெயின்டை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றினால் போதும், ரிப்பேர் முடிந்தது. பளபளவென்று தங்கக் கவசம் செய்த தோழி ஒவ்வொரு தடவையும் முழுசாக மறுபடி அடிக்கிறாள். முதல் உடை செய்கிறவர்கள் கல், துரு, மண் என்று ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் பரணில் இருந்து எடுத்தால் மெத்தை முழுக்கப் பூஞ்சை, மேலே வைத்த சூட்கேஸ் அமுக்கி வலது காது தட்டை. காதுக்கு ஹீட் கன் லேசாகக் காட்டினதும் பாதிக்கு மேல் எழும்பி வந்துவிட்டது. பூஞ்சை பிடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைத்துக்கொண்டோம், அதற்குத்தானே அது தனியாக இருக்கிறது. இப்போது போட்டு வந்த அன்றைக்கே உள்ளே ஆல்கஹால் ஸ்ப்ரே, ஃபேன் அடியில் ஒரு ராத்திரி, அப்புறம் உள்ளே செய்தித்தாள் திணித்து அட்டைப்பெட்டியில், மேலே எதுவும் வைப்பதில்லை. தாடை அசைவதற்குப் போட்ட எலாஸ்டிக் வருடா வருடம் தளர்கிறது, அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வால் ஒரு தோல்வி. கூட்டத்தில் யாராவது மிதிப்பார்கள். மூன்று வால் செய்தாகிவிட்டது, நாலாவதாகச் செய்வதாக இல்லை.

செலவு: முதல் வடிவத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம், அதில் பாதி ஹீட் கன்னும் வீணான பாயும். இரண்டாவதுக்கு மூவாயிரம். அப்பா கூலி கணக்கில் இல்லை, அவர் மட்டும் கணக்கு வைத்திருக்கிறார்.

போகிறது வருகிறது எப்படி என்றும் கேட்பார்கள். கவசம் ஒரு பெரிய பையில், தலை மடியில், ஆட்டோ. மெட்ரோவில் ஒரு தடவை முயற்சி செய்தேன், சோதனை இயந்திரத்துக்குள் தலை நுழையவில்லை. ஆட்டோக்காரர் அரை கிலோமீட்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் "கணபதியா மேடம்?" என்றார். இதுதான் என் பெரிய குறை. தும்பிக்கை இருந்தால் விநாயகர்தான். குழந்தைகள் டிராகன் என்கிறார்கள், ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஐயோ அம்மா நான் சாப்பாட்டு மேசையிலிருந்து வருகிறேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. நாலாவது தடவை ஒரு காவலாளி தூரத்தில் இருந்தே "யாளி!" என்று கத்தினார். ஹோஸ்பேட்டைக்காரராம், ஹம்பி விட்டலர் கோவில் தூணில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். பல் எண்ணிக்கை குறைகிறது என்றும் சொன்னார். கோரைப்பல் இரண்டு கூடுதலாக வைத்தேன், முகமே மாறிவிட்டது.

போட்டி மேடைக்கு ஒரு தடவை ஏறினேன், பரிசு இல்லை, வருத்தமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் ஆறடிச் சிறகோடு வந்திருந்தான், கதவுக்குள் நுழையவே பத்து நிமிடம் ஆகியது. வெளியே வந்து அவன் பட்டை அறுந்து நின்றபோது என் பையிலிருந்து பக்கிளும் ஊசி நூலும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பையில் இப்போதெல்லாம் சின்ன டப்பா சொல்யூஷன், டேப், சேஃப்டி பின் பதினைந்து, எலாஸ்டிக் ஒரு முழம், ஓஆர்எஸ் பொட்டலம் நாலு எப்போதும் இருக்கும்.

அடுத்த தடவை சித்தி பையன் போடுகிறான். என்னைவிட அரை அடி உயரம், ஆனால் பட்டையை நீட்டினால் போதும், பக்கிள் இருக்கிறதே. போன வாரம் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கேட்டான்: "அக்கா, மூக்கு அரிச்சா என்ன பண்ணுவ?" வாய் வழியாக ஐஸ்கிரீம் குச்சியை விட்டுச் சொறிந்துகொள் என்றேன். மூன்று வருடத்தில் அதற்கு மட்டும் அப்பாவாலும் வேறு வழி சொல்ல முடியவில்லை.