மேக்ஸிமோவை ஏஐ உதவியாளரோடு இணைக்க: தானாகப் பிறக்கும் டூல்களா, கையால் எழுதிய ஐந்தாறா?

காலை ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: "பம்ப் 1001-ல என்ன வேலை பாக்கி?" 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஐ மாடல்களை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்ட பிறகு, இதை ஏஐ உதவியாளரே ஆலை இயந்திரங்களின் பராமரிப்பைக் கவனிக்கும் ஐபிஎம் மேக்ஸிமோ மென்பொருளிடம் கேட்டுச் சொல்வது சுலபமாகிவிட்டது. நடுவில் நிற்கும் கனெக்டரை எப்படிச் செய்வது என்பதில்தான் கட்சி பிரிகிறது.

முதல் வழி, மேக்ஸிமோவின் ஏபிஐ அழைப்புகளை (வெளி மென்பொருள் அதனிடம் வேலை கேட்கும் வழிகளை) பட்டியலிடும் ஓப்பன்ஏபிஐ கோப்பைக் கொடுத்து, ஒவ்வொரு அழைப்பையும் ஒரு டூலாக, அதாவது மாடல் கூப்பிடக்கூடிய செயலாக மாற்றிவிடுவது. வேலை சீக்கிரம் முடியும், டெமோவும் அழகாக ஓடும். சிக்கல் பிறகுதான். டூல்களின் பெயரும் விளக்கமும் மாடலின் நினைவிடத்தை அடைத்துக்கொள்ளும். நூறைத் தாண்டினால் எதை எடுப்பதென்று அது தடுமாறும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது சைட் (ஆலை) விஷயம். மேக்ஸிமோவில் அசெட் எண், அதாவது இயந்திரத்தின் எண், ஒரு சைட்டுக்குள் மட்டுமே தனித்தது. இரண்டு ஆலைகளிலும் 1001 இருக்கலாம். சைட்டைச் சொல்லாமல் மாடல் தேடினால் அடுத்த ஆலைப் பம்பின் வரலாறும் வந்து விழும். பதில் தெளிவாகவே இருக்கும். அதை நம்பி ஃபிட்டர் தவறான பேரிங்கை ஸ்டோரில் வாங்கிக்கொண்டு போவார்.

இரண்டாவது வழி, ஐந்தாறு டூல்களைக் கையால் எழுதுவது: திறந்திருக்கும் ஒர்க் ஆர்டர்கள் (வேலை உத்தரவுகள்), பழுது வரலாறு, ஸ்பேர் இருப்பு, புது ஒர்க் ஆர்டர் என்று. சைட்டை மாடலிடம் விடாமல், லாகின் செய்தவரின் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். எண், விவரம், நிலை, தேதி மட்டும் திரும்பி வந்தால் போதும். புதுத் தேவை வரும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும், அது செலவுதான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

உங்களிடம் இருப்பது சொந்தமான ஒரே ஒரு சாட் திரை என்றால் எம்சிபியே வேண்டாம். மாடலின் ஏபிஐயிலேயே டூல்களைக் கொடுத்துவிடும் ஃபங்ஷன் காலிங் போதும்.

சரி, எழுதும் உரிமையை எவ்வளவு தருவது? மேக்ஸிமோவில் 'குளோஸ்' ஆன ஒர்க் ஆர்டரின் நிலையைத் திரும்ப மாற்ற முடியாது. அதனால் குளோஸ் செய்யும் டூலே இருக்கக் கூடாது. புதிதாக உருவாக்குவதும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலையோடு நிற்கட்டும். பிளானர் பார்த்து அனுமதிக்கட்டும். 'இந்த டூல் படிக்க மட்டும்' என்று எம்சிபியில் குறிக்கலாம்தான், ஆனால் அது வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது. பூட்டு, யார் என்ன செய்யலாம் என்று வரையறுக்கும் மேக்ஸிமோவின் செக்யூரிட்டி குரூப்பில் இருக்கிறது. அங்கே ஏபிஐ சாவி ஒவ்வொன்றும் ஒரு பயனருடையது, அவருக்குள்ள உரிமைதான் சாவிக்கும். அட்மின் சாவி ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால், சாட்டில் தட்டச்சு செய்கிற யாரும் அட்மின்தான். ஆறு மாதம் கழித்து ஒரு பிரேக்டவுனை விசாரிக்கும்போது, நிலையை மாற்றியவர் என்ற கட்டத்தில் அந்த ஒரே பெயர்தான் வரிசையாக நிற்கும்.