சுங் பிழைத்திருந்தால்? ஒரு அரசியல் கணினி விளையாட்டு

1913 மார்ச்சில் ஷாங்காய் ரயில் நிலையத்தில் சுடப்பட்ட சீன அரசியல் தலைவர் சுங் சியாவ்ரென் இதில் பிழைத்துக்கொள்கிறார். அவருடைய கோமிண்டாங் கட்சியில் ஒரு கற்பனை உறுப்பினரை நாம் அமைச்சர் வரை வளர்க்க வேண்டும்.

நாடாளுமன்றக் கட்டங்கள் அபாரம். சீனக் குடியரசின் அதிபர் யுவான் ஷிகாய் சபையைக் கேட்காமலே 2.5 கோடி பவுண்டு வெளிநாட்டுக் கடன் வாங்குகிறார். என் ஆள் எதிர்த்தால் யுவானின் பெய்யாங் படை முறைக்கிறது, வாயை மூடினால் சொந்தக் கட்சியே காறித் துப்புகிறது. அந்த ஒரு வாக்கெடுப்பிலேயே எனக்கு ராத்திரி போய்விட்டது!

அப்புறம் தொய்வுதான். நிஜத்தில் 1915 டிசம்பரில் யுவான் பேரரசர் பட்டத்தை ஏற்றார். இங்கே நாடாளுமன்றம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதே மாதம் அதே அறிவிப்பு வருகிறது. வரலாற்றையே மாற்றியவர்கள் இதை ஏன் விட்டார்களோ? போர்க் காட்சிகளும் சுமார். பேரம் பேசி வாக்குச் சேர்க்கப் பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.