தேர் வரும் தெருவில் வேனை எங்கே விடுவது?

எங்கள் டவுனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். ஒரே ஒரு கடைவீதி, அதன் கீழ்க்கோடியில் பஸ் நிலையம், மேல்கோடியில் கோயில் என்று இலங்கை மலையகத்தில் எத்தனையோ டவுன்கள் இருக்கின்றன இல்லையா, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் நாலைந்து தடவை அங்கே ஒரே சண்டைதான். தேர்த் திருவிழா, தீபாவளிச் சந்தை, மே தினக் கூட்டம், புதுவருஷ இசை நிகழ்ச்சி, எது வந்தாலும் சரி, வாகனத் தரிப்பிடத்தை விழாவுக்குக் கொடுப்பதா, வாகனங்களுக்கே விடுவதா?

"பார்க்கிங் போச்சுன்னா யாவாரம் படுத்துரும்" என்பார்கள் கடைக்காரர்கள். "ஒரு நாளைக்குத்தானே, பொறுத்துக்க மாட்டீங்களா?" என்பார்கள் விழாக் குழுவினர். நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். விடுமுறையில் மாமாவின் துணிக்கடையில் நிற்பேன், திருவிழாவுக்கு வடமும் பிடிப்பேன்.

பேச்சில் அடிபடும் வழிகள் நாலு: வீதியை மூடுவது, விழாவை மைதானத்துக்கு அனுப்புவது, வாகனங்களை டவுனுக்கு வெளியே நிறுத்தி ஆட்களை பஸ்ஸில் ஏற்றி வருவது, தரிப்பிடத்துக்கு நேரமும் காசும் வைப்பது. இவற்றை எத்தனை கார்களுக்கு இடம் போகிறது என்று கணக்குப் பார்த்து ஒப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. அது போன கதை இது.

ஒரு தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. தோட்டங்களில் முற்பணம் கைக்கு வந்த வாரம். டவுனில் கால் வைக்க இடமில்லை. பஸ் நிலையத்தில் பாதியைத் தற்காலிகக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, பஸ்களைக் கோயில் தாண்டி மேட்டில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். கார்கள் நிற்கும் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஐப்பசியில் மலைநாடு எப்படி என்று தெரியுமே. காலையில் வெயில் பல்லைக் காட்டும், மூன்று மணிக்கு இடி, நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கும். அன்றைக்கும் அப்படித்தான். கடை வாசலில் ஒரு அம்மா ஒதுங்கி நின்றார். ஒரு கையில் துணிப் பை, மறு கையில் ஐந்து கிலோ மாவு, தலையில் கறுப்புப் பொலித்தீன்.

"தம்பி, நம்ம பஸ்ஸு எங்க நிக்குது?"

"இன்னிக்கு மேலதாங்கம்மா, கோயிலத் தாண்டி."

ஏற்றத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வீதியின் நடுவில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாவுப் பையை மெதுவாகக் கடைப் படியில் வைத்தார். "இத இங்கயே வச்சிருங்க தம்பி, நாளைக்குப் பயல அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுத் துணிப் பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

மேட்டு பஸ் வரைக்கும் நானூறு மீட்டர் இருக்கும். கொழும்பில் நானூறு மீட்டர் ஒரு தூரமே இல்லை. மலையில், மழையில், சாமானோடு என்றால் அது வேறு நானூறு மீட்டர். அன்றிலிருந்து என் அளவுகோல் அந்த மாவுப் பைதான். எந்த வழியில் அது கையை விட்டு இறங்காமல் பஸ் வரைக்கும் போய்ச் சேரும்?

முதலில் வீதியை மூடுவது. கடைக்காரர்கள் அலறுவது இதற்குத்தான். ஆனால் சில விழாக்களுக்கு வீதியை விட்டால் வேறு இடமே கிடையாது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரதங்கள், பஞ்சரத பவனி. கோயிலே கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை ஒட்டி இருக்கிறது. அந்தத் தேர்களை மைதானத்தில் வட்டமாக ஓட்ட முடியுமா? கண்டி எசல பெரஹராவும் அப்படித்தான். ஊர்வலம் என்றால் தெரு வேண்டும். இரண்டிலும் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த நாள் இருக்கிறது, பாதை இருக்கிறது, சில மணி நேரத்துக்குப் பிறகு வீதி திரும்பக் கிடைக்கிறது. மாவு வாங்க வேண்டியவர் முதல் நாளே வாங்கிவிடுவார்.

வீதியை மூடுவது கெட்டுப்போவது தேரால் அல்ல, கடைகளால். ஒரு நாள் என்று அனுமதி வாங்கி, இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்துவிடுவது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்தால் வடம் பிடிக்கிறவர்கள் ஒதுங்குவார்கள். நட்ட குழாய் ஒதுங்காது. இன்னொன்று, ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. போக்குவரத்தைத் திருப்பிவிட பொலிஸ் வேண்டும். நகர சபையில் கையைத் தூக்கினால் மட்டும் பிரதான வீதி மூடிவிடாது. ஆகவே மணிக்கணக்கில் மூடுவதற்கு என் ஓட்டு உண்டு, நாள்கணக்கில் மூடுவதற்கு இல்லை.

மைதானத்துக்கு அனுப்புவது கேட்க நன்றாக இருக்கும். உடனே நுவரெலியாவைக் காட்டுவார்கள். ஏப்ரல் சீசனில் மலர்க் கண்காட்சி விக்டோரியா பூங்காவில், குதிரைப் பந்தயம் பந்தயத் திடலில், மற்றக் கூத்தெல்லாம் கிரகரி வாவிக் கரையில். சரி, அங்கே இருக்கிறது, நடக்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நுவரெலியா மலைகளுக்கு நடுவில் ஒரு தட்டு மாதிரி. 1873இல் வாவி கட்டிய காலத்திலிருந்தே வெள்ளைக்காரன் விளையாடுவதற்கென்று விட்ட இடங்கள் அவை. எங்கள் டவுனின் மைதானமோ மலையை வெட்டி எடுத்த ஒரு திட்டு. மழை பெய்தால் சேறு, நடந்து போகிறவர்களுக்குப் படிக்கட்டு.

ஆனாலும் ஒரே நோக்கத்துக்காகச் சனம் திரளும் கூட்டங்களுக்கு மைதானம்தான் சரி. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பேசியபோது கூட்டம் மைதானத்தில்தான் நடந்தது. மே தினத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் அப்படியே செய்யலாம். தீபாவளிச் சந்தையை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். துணி ஓரிடத்தில், மாவு ஓரிடத்தில், பஸ் ஓரிடத்தில் என்று ஆகிவிடும்.

மூன்றாவது வழி சிவனொளிபாதமலைக்கு ஏறத்தாழ நடப்பில் இருப்பதுதான். டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சீசன். ரயிலில் வருகிறவர்கள் ஹட்டனில் இறங்கி பஸ் ஏறி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறார்கள். இரவில் மலையேறிச் சூரியோதயம் பார்க்கிறவனுக்கு பஸ்ஸுக்காகக் காத்திருப்பது ஒரு சிரமமே இல்லை. அவன் கையில் மாவுப் பையும் இல்லை.

இதை ஒரு நாள் திருவிழாவுக்குப் பொருத்திக் கணக்குப் பாருங்கள். ஐம்பது பேர் ஏறும் பஸ், ஏற்றி இறக்கித் திரும்பிவர இருபது நிமிஷம் என்றால் மணிக்கு மூன்று நடை, நூற்றைம்பது பேர். வெளியூரிலிருந்து பத்துப் பத்துப் பேராக நூறு வேன் வந்தால் ஆயிரம் பேர். ஒரு பஸ் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓட வேண்டும். மூன்று நாலு பஸ் வேண்டும், ஒதுக்கிய பாதை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வேன் நிறுத்துவதற்குச் சமதரை வேண்டும். தேயிலைச் சரிவுக்கு நடுவில் சமதரைக்கு எங்கே போவது? பெரிய விழா, வெளியூர்க் கூட்டம் என்றால் செய்யலாம். உள்ளூர்ச் சந்தைக்கு இது யானை விலை.

நாலாவது வழியைச் சொன்னால் இரண்டு தரப்பும் சேர்ந்து என்னை அடிக்க வரும். தரிப்பிடத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி. கலிபோர்னியாவில் டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார். தெருவுக்குத் தெரு ஒன்றிரண்டு இடமாவது எப்போதும் காலியாக இருக்கிற மாதிரி கட்டணத்தை வை, அதில் வரும் காசை அந்தத் தெருவுக்கே செலவழி என்பது அவர் பேச்சின் சாரம். அமெரிக்கக்காரன் சொன்னது மலையகத்துக்கு ஆகுமா என்று கேட்டால், கட்டணம் அப்படியே ஆகாது. இங்கே பெரும்பாலானவர்கள் பஸ்ஸிலும் பங்கு போட்ட ஆட்டோவிலும் வருகிறவர்கள். ஆனால் அவர் கைவைத்த இடம் சரியான இடம். பிரச்சினை எத்தனை இடம் என்பதில் இல்லை, ஒரு இடம் ஒரு நாளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

கடைவீதியில் பத்து வாகனத்துக்கு இடம் என்று வையுங்கள். காலையில் வந்து நின்றவை இரவுதான் நகரும் என்றால் நாள் முழுக்கப் பத்துப் பேருக்குத்தான் அது பார்க்கிங். மணிக்கு ஒன்று என்று மாறினால் பத்து மணி நேரத்தில் நூறு பேர். இரண்டு கார் நீளத்துக்கு நின்று பயணிகளை ஏற்றும் ஒரு பஸ், ஒரே நடையில் ஐம்பது பேரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடும்.

காலையில் வந்து இரவு நகரும் அந்த வாகனங்கள் யாருடையவை? வாடிக்கையாளர் ஒருத்தரும் பத்து மணி நேரம் துணி எடுக்க மாட்டார். அவை கடை முதலாளிகளின் வேன்கள். அந்த அம்மா மாவை இறக்கி வைத்த படிக்கு நேர் முன்னால் காலை எட்டு மணியிலிருந்து நின்றது மாமாவின் வெள்ளை வேன். பார்க்கிங் போச்சு, யாவாரம் போச்சு என்று உரக்கக் கத்தியவரும் மாமாதான்.

ஆகவே தீபாவளிச் சந்தைக்கு என் தேர்வு இதுதான். பஸ் நிலையத்தில் கை வைக்காதீர்கள், ஆட்டோ நிற்கும் இடத்திலும் வேண்டாம். அந்த ஒரு வாரம் முதலாளிமாரின் வேன்கள் மைதானத்துக்குப் போகட்டும், படிக்கட்டு அவர்களுக்கும் பழகட்டும். காலியாகும் கடைவாசல் வரிசையில் பாதி தற்காலிகக் கடைகளுக்கு, மீதி ஒரு மணி நேரத் தரிப்பு. சாமான் இறக்கும் லொறிகள் காலை எட்டு மணிக்கு முன்னால் வந்து போகட்டும். தேர் அன்றைக்கு இது எதுவும் வேண்டாம், வீதியை மூடுங்கள், தேர் கோயிலுக்குத் திரும்பியதும் திறந்துவிடுங்கள்.

இதை மாமாவிடம் பேப்பரில் எழுதிக் கணக்கோடு காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "சரிடா மருமகனே, நீ சொல்றது ஞாயந்தான். நாளையிலருந்து வேன எடுத்துர்றேன்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை கடை முன்னால் வேன் இல்லை. அந்த இடத்தில் நாலு பிளாஸ்டிக் கதிரைகள், சுற்றி ஒரு நைலோன் கயிறு. "யாராவது நிப்பாட்டிட்டாங்கன்னா அப்புறம் சாயங்காலம் வேன எங்கடா விடுறது?" என்றார் மாமா.